சொன்ன நேரத்தில் போன கரண்ட்

1

நேற்று எங்கள் தோட்டத்து மாரியம்மன் ரத ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது, நான் செய்த ஒரு சின்னக் காரியத்தைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமென்றால் போன வருஷத்து ஊர்வலம் தெரிய வேண்டும். போன வருஷம் நான் ரதத்தின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் சில நிமிஷம் நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். உங்களுக்கும் ஒரு வேலை மிச்சமாகியிருக்கும்.

என்னை இறக்கிவிட்டது என் மனைவி புவனா. இதை அவளிடம் நேராகச் சொல்ல முடியாது. சொன்னால் ஒரு மாசத்துக்குப் பாத்திரம் நான்தான் கழுவ வேண்டியிருக்கும். அதனால்தான் அறந்தாங்கிப் பக்கத்துச் சனமாகிய உங்களிடம் சொல்கிறேன். அவள் இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்தவள், என்னைவிட நன்றாகவே தமிழ் படிப்பாள். ஆனால் நான் எழுதியதைப் படிக்கிற அளவுக்கு அவளுக்குப் பொறுமை கிடையாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மாரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் சேர்ந்து, இரண்டாம் வருஷத்தோடு அந்தக் கல்லூரிக்கு விடுதலை கொடுத்தவன். இப்போது மலேசியாவில் கெடா மாநிலம், அலோர் ஸ்டார் நகரத்து ஓரத்தில் மெர்கோங் என்ற இடத்தில், ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறேன். நம் புரோட்டாவுக்கு அது சித்தப்பா மகன் முறை.

புவனா அந்தக் கடைக்கு ரொட்டி வாங்க வந்தவள். கரண்ட் கம்பெனியில் வேலை. எந்தப் பாடத்தில் நான் பெயிலானேனோ அதே பாடத்தில் அவள் பட்டம் வாங்கியிருக்கிறாள். வீட்டில் ஒரு பல்பு மாட்டக்கூட என்னை நம்புவதில்லை.

2

புவனாவின் வீட்டார் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். தோட்டம் என்றதும் மல்லிகையும் மாமரமும் நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்னே பால்மரம் என்கிற ரப்பர், இப்போது செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான். நான் முதல் தடவை மாமனார் வீட்டுக்குப் போனபோது, "தோட்டம் எங்க மாமா இருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "தோட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டே தோட்டம் எங்கங்கிறான். இந்த ஊர்க்காரன எங்கலா புடிச்ச?"

ஊர்க்காரன் என்றால் இங்கே இந்தியாவிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். 'லா' என்பது இங்கே எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிற வால். நான் வந்த நாளிலிருந்து அதுதான் என் பெயர். கடையில் ஊர்க்காரன், தோட்டத்தில் ஊர்க்காரன். கல்யாணமான பிறகு சின்னப் பதவி உயர்வு கிடைத்து 'ஊர்க்கார மாப்ளே' ஆனேன்.

இமிக்ரேஷனிலும் அப்படித்தான். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினால் இந்த ஊர்க்காரனாகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருஷத்துக்கு வருஷம் விசா பாஸைப் புதுப்பிக்க வேண்டும். பெண்டாட்டியும் கூடவே வந்து உட்கார்ந்து, "ஆமாம், இவன் இன்னும் என் புருஷன்தான்" என்று அதிகாரி முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். புவனா ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பாள். வேண்டுமென்றே. எனக்கு வேர்க்கும்.

எங்களுக்கு யாழினி என்று நாலு வயசில் ஒரு மகள். பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் மலாய்தான் ஓடுகிறது. பூனையைக் காட்டி, "யாழினிக்குட்டி, இது என்ன?" என்றால் "கூச்சிங்" என்கிறாள். "பூனைன்னு சொல்லுடா" என்றால், என்னவோ நான்தான் புரியாமல் பேசுகிற மாதிரி பொறுமையாக, "பூனை, கூச்சிங்லா அப்பா" என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். பரவாயில்லை, அப்பா என்ற சொல்லாவது இன்னும் மிச்சம் இருக்கிறது.

ராத்திரி தூங்க வைக்க அவளுக்குக் கதை சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த கதையெல்லாம் நம் ஊர்க் கதைதான். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ரொம்பப் பிடித்தது வயர்மேன் ராமையாண்ணன் கதை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊரில் தேர் வந்தால் ராமையாண்ணன் டிரான்ஸ்பார்மரில் பீஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். தேர் தாண்டியதும் திரும்பச் சொருகுவார். ஒரு வருஷம் தேர் தாண்டியது, அவர் சொருகவில்லை. பையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். ஊரே விசிறியோடு தெருவில் உட்கார்ந்து அவரைத் திட்டியது. அதற்கப்புறம் அவர் கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம், "ராமையாண்ணே, பை பத்திரம்!" என்று கத்துகிற பையன்களில் நான்தான் தலைவன்.

புவனா இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு தடவை சொன்னாள்: "சிரிக்காத மாரி. அது அந்த ஆளு பையில இருக்கிற வரைக்கும் எவனாலயும் கரண்ட் விட முடியாதுல்ல? அதாண்டா பாதுகாப்பு."

எனக்கு அப்போது அது ஏறவில்லை. பாலிடெக்னிக்கிலும் இப்படித்தான்.

3

அவள் வேலை என்னவென்று கடையில் கேட்பவர்களுக்கு நான், "கரண்டுக்குக் காவல்காரி" என்று சொல்லிவைத்திருக்கிறேன். முன்னே தெருவோரச் சுவிட்சுகளை ஆள் போய்க் கையால் திருப்புவார்கள். இப்போது பல இடத்தில் மோட்டார் வைத்துவிட்டார்கள். ஆபீசில் உட்கார்ந்து திரையில் அழுத்தினால் எங்கேயோ செம்பனைக் காட்டுக்குள் சுவிட்ச் திரும்பும். வசதிதான். ஆனால் ஆபீசிலிருந்து அழுத்த முடியுமென்றால், திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்த எவனும் எந்த நாட்டிலிருந்தும் அழுத்தலாம். அப்படி எவனாவது அழுத்துகிறானா என்று பார்ப்பதுதான் புவனா இருக்கும் புதுப் பிரிவு.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க? திருடன் பேரு போட்டு வருவானா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"உங்க கடையில எப்படி? மேசைக்காரன் 'ரொட்டி தெலோர் ரெண்டு'ன்னு முட்டை ரொட்டிக்குக் கத்துறான், நீ போடுற. யாரும் கத்தாமலே கல்லுல இருந்து ஒரு தட்டு வெளிய போனா?"

"மொதலாளி என்னயத்தான் ஒதைப்பார்."

"அதேதான். யாரும் சொல்லாம சுவிட்ச் திரும்புச்சுன்னா கம்ப்யூட்டர் கத்தும். சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகுதான்னு பாக்குறதுதான் வேலை. கம்ப்யூட்டருக்குத் தெரியாத சமாச்சாரமும் இருக்கும். அதுக்குத்தான் நாங்க."

கம்ப்யூட்டருக்குத் தெரியாத சமாச்சாரத்தில் அவள் ஒரு தடவை வசமாக மாட்டினாள். நெல் வயல்கள் சூழ்ந்த பெண்டாங்கில் ஒரு சுவிட்ச் அறையின் கதவு தினமும் மத்தியானம் திறந்து மூடுவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கே யாருக்கும் வேலை இல்லை. எவனோ உள்ளே புகுந்து கருவி மாட்டுகிறான் என்று புவனா எச்சரிக்கை கொடுத்தாள். போலீஸோடு போய் அதிரடியாகக் கதவைத் திறந்தால், உள்ளே பாய், ஒரு மேசை விசிறி, பாதி சாப்பிட்ட நாசி பொட்டலம் (நாசி என்றால் இங்கே சோறு), நடுவில் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குறட்டை விடும் புல்லு வெட்டுகிற பெரியவர். வெளியே வெயில் தாங்கவில்லையாம்.

அன்றிலிருந்து ஆபீசில் அவளுக்கு 'பெண்டாங்' என்று பட்டம். அவள் மேசையில் யாராவது ஒரு நாசி பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அவள் மேலதிகாரி என்சிக் ஃபவ்சி (என்சிக் என்றால் இங்கே சார்) மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் பழையபடி பில் கவுண்டருக்கே அனுப்பிவிடுவேன் என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பிரிவில் அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. வெறும் சோதனைக் காலம்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. சும்மா பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். அதிலிருந்து ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது: எந்தச் சுவிட்ச் திரும்பினாலும் முதலில் அது இருக்கிற பெட்டியின் கதவு திறந்ததா என்றுதான் பார்ப்பாள்.

4

இப்போது போன வருஷத்து ஊர்வலம்.

எங்கள் கோயில் ரதம் உயரமானது. டிராக்டர் இழுத்துப் போகும். போகிற வழியில் மூன்று இடத்தில் மேலே மின்கம்பி குறுக்கே ஓடுகிறது. கலசம் அதில் இடிக்கும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் கரண்டை நிறுத்தி, ரதத்தின் கூரைமேல் ஒரு ஆள் ஏறி, கவட்டை மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பான். கலசம் அடியில் நுழைந்து போகும். அந்த ஆளாக நிற்பது பெரிய மரியாதை. மாமனார் கோயில் கமிட்டிச் செயலாளர். போன வருஷம் முதல் தடவையாக அந்த மரியாதையை எனக்கு வாங்கிக்கொடுத்தார்.

"நம்ம மாப்ளே எலக்ட்ரிகல் படிச்சவரு" என்று கமிட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

முன்னெல்லாம் கரண்ட் கம்பெனி சேகரண்ணன் வந்து கையால் சுவிட்சைத் திருப்பி, தன் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டு, "ஏறலாம்!" என்று குரல் கொடுப்பார். போன வருஷம் மோட்டார் சுவிட்ச் வந்துவிட்டது. ஆபீசுக்குப் போன் போட்டால் அவர்களே நிறுத்துவார்கள். நிறுத்தியாச்சா என்று பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும், பூட்டு வேண்டாம். சேகரண்ணன் பூட்டைத் தன் மோட்டோ பைக் சீட்டுக்கு அடியில் போட்டுவைத்தார்.

மாமனார் ஒரு நோட்டீஸ் அடித்தார். ரதம் புறப்பாடு ஐந்து மணி. முதல் கம்பி ஐந்தரை முதல் ஆறு, இரண்டாவது ஆறு முதல் ஆறரை, மூன்றாவது ஆறரை முதல் ஏழு, கரண்ட் இருக்காது, பக்தர்கள் பொறுத்துக்கொள்ளவும். அதைக் கம்பெனிக்கும் கொடுத்தார், கோயில் பேஸ்புக்கிலும் போட்டார். புவனா ஆபீசில் அந்த நேரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள், அந்த நேரத்தில் கரண்ட் போனால் கத்தாதே என்று.

ஆனால் அந்த நோட்டீஸைத் தோட்டத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. ஐந்து மணி என்று போட்டால் ஐந்து மணிக்குத்தான் குளிக்கப் போவார்கள். எங்கள் ரதம் எந்த வருஷமும் சொன்ன நேரத்தில் வாசலைத் தாண்டியதில்லை. முதல் தேங்காயை யார் உடைப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போகும். நான் அந்தச் சண்டை நடுவில் நின்று புவனாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன்: "மேடம், நேரடி ஒளிபரப்பு. உங்கப்பா கையில தேங்காய். எதிர்ல தலைவர் கையிலயும் தேங்காய். அம்மன் ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

அன்றைக்கு அவளுக்கு வேலை. ரதத்துக்கு வர முடியவில்லையே என்ற கடுப்போடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரை மணி அடித்தது. முதல் கம்பியின் சுவிட்ச் அணைந்தது. கம்ப்யூட்டர் கத்தவில்லை. கத்தாதே என்றுதானே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

எனக்குப் போன் வந்தது.

"மாரி, சாமி எங்க?"

"சாமி கோயில்ல. பூசாரி டீ குடிக்கிறார். உனக்கு ஏதாச்சும் வேண்டுதலா?"

"வெளையாடாத. ரதம் கெளம்பிருச்சா?"

"இப்பத்தான் டிராக்டர உறுமவிட்டுருக்காங்க. சக்கரம் இன்னும் உருளல. ஏன், ஒங்கப்பாவுக்குத் தேங்காய் டாபாவ் பண்ணணுமா?"

டாபாவ் என்றால் இங்கே பொட்டலம் கட்டுவது. அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

5

அடுத்து ஆபீசில் நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் மலாயில் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

சுவிட்ச் போடும் ஆபரேட்டர் அடுத்த மேசை. "நீ நிறுத்துனியா?" என்று கேட்டிருக்கிறாள். "நான் இல்ல. களத்துல சேகர் கையால நிறுத்தியிருப்பான்" என்றான். பழைய நினைப்பு. இங்கே களத்தில் சேகரண்ணன், "ஆபீஸ்ல நேரம் பாத்து நிறுத்திட்டாங்க" என்று நினைத்துக்கொண்டிருந்தார். புது நினைப்பு. இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள்.

புவனா பெட்டியின் கதவைப் பார்த்தாள். கதவு திறந்ததாகச் செய்தியே இல்லை. திறக்காமல் எந்த மனுஷனும் கையால் திருப்ப முடியாது. சேகரண்ணனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. உறுமி மேளம் அடிக்கிற இடத்தில் போனாவது கேட்பதாவது!

என்சிக் ஃபவ்சியிடம் போனாள். அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் தொடர்பையெல்லாம் உடனே துண்டிக்க வேண்டும் என்றாள். துண்டித்தால் அங்கிருக்கிற மோட்டார் சுவிட்ச் எல்லாம் சும்மா. எது வந்தாலும் ஆள் ஓடித்தான் திருப்ப வேண்டும். சும்மா விளையாட்டில்லை.

அவர் திரையைப் பார்த்தார். "நோட்டீஸ்ல போட்ட நேரம்தானே இது? ஐந்தரைன்னா ஐந்தரைக்குப் போயிருக்கு. இதுல என்ன தப்பு?"

"அதான் என்சிக் தப்பு."

"என்ன?"

"இது எங்க கோயில் ரதம். நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன். ஒரு வருஷமும் நேரத்துக்கு வந்ததில்ல. இப்ப அது கோயில விட்டே கெளம்பல. எங்க ஆளுங்க யாரும் இதச் செய்யல. எங்களத் தெரியாத எவனோ, அந்த நோட்டீஸ மட்டும் பாத்துட்டுச் செய்யறான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெண்டாங் மாதிரி ஆயிடாதே?" என்றார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவளுக்குப் பில் கவுண்டர் கண்முன் வந்ததாம். கூடவே நோட்டீஸில் இருந்த அடுத்த நேரமும் வந்தது: முதல் கம்பியில் ஆறு மணிக்குக் கரண்ட் திரும்ப வரும். அவன் நோட்டீஸைப் பார்த்து நிறுத்தினான் என்றால், நோட்டீஸைப் பார்த்துத்தான் போடுவான்.

மணி ஆறாக இன்னும் சில நிமிஷம். ரதம் அப்போதுதான் முதல் கம்பிக்கு வந்திருந்தது. சேகரண்ணன் பெட்டியின் கண்ணாடியில் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். நான் கூரைமேல், கலசத்துக்குப் பக்கத்தில், மூங்கிலை ஏந்தி நின்றேன். கீழே உறுமி பிளந்துகட்டுகிறது. யாழினி பாட்டி இடுப்பிலிருந்து, "அப்பா திங்கி!" என்று கத்துகிறாள். அப்பா உயரமாம். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அப்படிச் சொல்கிறார்கள். இடுப்பில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையிலும் மூங்கில். எப்படி எடுப்பது?

புவனா அதிகாரியின் பதிலுக்குக் காத்திருக்காமல் தன் அப்பாவுக்குப் போட்டாள். மாமனார் ஒரு கையில் மைக்கோடு, "பக்தர்கள் வழி விடவும்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் மகள் பேசுவது கேட்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கில் வைத்துவிட்டார்.

ஊர்வலம் முழுக்க, ஜெனரேட்டரில் ஓடிய கம்பத்து ஒலிபெருக்கி எல்லாவற்றிலும், என் பெண்டாட்டியின் குரல்:

"அப்பா! மாரியக் கீழ எறக்குங்க! கம்பியத் தொட வேணாம்! இப்பவே எறக்குங்கப்பா!"

உறுமி நின்றது. எல்லாத் தலையும் மேலே திரும்பின. நான் சும்மா இருப்பேனா?

"பாத்தீங்களா! வீட்டுலதான் அதிகாரம்னா ரதத்து மேலயுமா?"

சனம் சிரித்தது. ஒலிபெருக்கி சிரிக்கவில்லை.

"மாரி." குரல் சின்னதாகிவிட்டது. "எறங்கு. கெஞ்சிக் கேக்குறேன்."

புவனா கெஞ்சி நான் கேட்டதில்லை, இமிக்ரேஷனில்கூட. கை தானாக மூங்கிலைக் கீழே விட்டது. டிராக்டர்க்காரர் ரதத்தைப் பின்னால் எடுக்க, நான் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். வேட்டி ஒரு ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கீழே வந்து, "இப்ப என்னவாம் மேடத்துக்கு?" என்று மாமனாரைக் கேட்டு வாய் மூடவில்லை.

சாலையோரத்துப் பலகாரக் கடையில் விளக்கு எரிந்தது. அதன் மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. சேகரண்ணன் பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நான் ஆபீசுக்குச் சொல்லவே இல்லையே... அலாமாக், யாரு போட்டது?"

யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு" என்றார்.

மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மைக் இன்னும் போட்டபடியே இருந்ததால் அவர் மூச்சு வாங்குவது தோட்டம் முழுக்கக் கேட்டது.

6

ஆபீசில் என்சிக் ஃபவ்சி எழுந்து போய்த் தொடர்பைத் துண்டித்தாராம். கொஞ்ச நேரம் கழித்து, "மேல நின்னது ஒன் வீட்டுக்காரர்னு ஏன் சொல்லல?" என்று கேட்டிருக்கிறார்.

"சொல்லியிருந்தா பொண்டாட்டி பயந்துபோய்ப் பேசுறான்னு நெனச்சிருப்பீங்க" என்றாள்.

சேகரண்ணன் மோட்டோ சீட்டைத் தூக்கிப் பழைய பூட்டை எடுத்தார். கையால் திருப்பினார், பூட்டினார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் மறுபடி ஏறினேன். ஏறாமல் விட்டால் ஊர்க்காரன் பயந்துவிட்டான் என்று அடுத்த தலைமுறை வரை சொல்வார்கள். என் கால் இரண்டும் உறுமிக்குச் சரியாகத் தாளம் போட்டன. ரதம் மூன்று கம்பியையும் தாண்டிக் கோயிலுக்குத் திரும்பியபோது வழக்கத்தைவிடவும் தாமதம். யாரும் குறை சொல்லவில்லை.

வேலை எடுத்துச் செய்கிற குத்தகைக் கம்பெனி ஆள் ஒருத்தரின் பாஸ்வேர்ட் எப்படியோ வெளியே போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதை வைத்து எவனோ எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறான். எங்கே கரண்ட் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தேடியவனுக்கு மாமனாரின் பேஸ்புக் நோட்டீஸ் அல்வா மாதிரி கிடைத்தது. இன்றுவரை ஆள் பிடிபடவில்லை. ரதம் என்றால் என்ன, மேலே ஒருத்தன் நிற்பான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம். மாமனார் இப்போது நோட்டீஸில் நேரமே போடுவதில்லை. 'அம்மன் சித்தம்போல் புறப்பாடு' என்று அடிக்கிறார்.

நானும் சாட்சி சொல்லப் போனேன். எழுதிக்கொண்ட அதிகாரி என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சாப்பாட்டுக் கடையில வேலை செய்யத்தானே அனுமதி இருக்கு? மின்கம்பி வேலை ஏன் செஞ்சே?"

"அது வேலை இல்ல சார், வேண்டுதல்" என்றேன் என் மலாயில். வேண்டுதலுக்கு மலாய்ச் சொல் தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன். நான் அவரைக் கும்பிடுவதாக நினைத்து அவர் பதறி எழுந்துவிட்டார்.

"சம்பளம் கொடுத்தாங்களா?"

"பொங்கல் கொடுத்தாங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

புவனா பில் கவுண்டருக்குப் போகவில்லை. அந்தப் பிரிவிலேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆனால் 'பெண்டாங்' என்ற பட்டம் போகவில்லை. அவள் மேசையில் இப்போதும் நாசி பொட்டலம் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது அதில் கோழி இருக்கிறது. ஒரு தடவை என்சிக் ஃபவ்சியே வாங்கி வைத்தாராம்.

அவள் அன்று வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று தயாராக நின்றேன். வந்தாள். கிழிந்த வேட்டியைப் பார்த்தாள். "இது எங்கப்பா எடுத்துக் கொடுத்த வேட்டிடா" என்றாள். அப்புறம் உள்ளே போய் ரொம்ப நேரம் முகம் கழுவினாள். குழாய்ச் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி யாழினிக்குப் பூனையைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து "கூச்சிங்" என்றோம்.

7

இந்த வருஷம் கம்பெனியில் ஒரு புது வழக்கம் போட்டிருக்கிறார்கள். புவனா எழுதிக் கொடுத்தது. ரத நாளில் சுவிட்சைக் கையால்தான் திருப்ப வேண்டும், பூட்ட வேண்டும். முக்கியமாக, பூட்டின் சாவி மேலே ஏறுகிறவனிடம் இருக்க வேண்டும். அவன் இறங்கி வந்து தன் கையால் கொடுக்கிறவரைக்கும் ஆபீசில் இருக்கிற ராஜாவே அழுத்தினாலும் சுவிட்ச் திரும்பாது.

நேற்று முதல் கம்பியில் சேகரண்ணன் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, இதான் ஒன் உசுரு. பத்திரம்."

"எம்பொண்டாட்டி கையில இருந்தது இப்பத்தாண்ணே என் கைக்கு வந்திருக்கு" என்றேன்.

முதல் கம்பி, இரண்டாம் கம்பி, மூன்றாம் கம்பி. ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையில் சாவியைப் போட்டுக்கொண்டு ஏறினேன். மேலே நின்று பார்த்தால் செம்பனைத் தலைகள் வானம் வரைக்கும் பச்சையாகப் போகின்றன. கீழே யாழினி இந்தத் தடவை தமிழில் கத்தினாள், "அப்பா, கீழ பாக்காத!" யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. மூன்றாவது கம்பியைத் தாண்டி ரதம் கோயிலைப் பார்த்துத் திரும்பியதும் இறங்கினேன். நேராக அன்னதானப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். நல்ல பசி. சாம்பார், ரசம், இரண்டு தடவை பாயசம். பக்கத்திலிருந்தவர்களுக்கு ராமையாண்ணன் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சேகரண்ணனைக் கூட்டத்தில் காணவில்லை. அவரும் வேறு பந்தியில் இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

போன் அடித்தது. புவனா.

"என்ன மேடம், பசியாறிட்டியா?"

"நான் இருக்கட்டும். ராமையாண்ணன் பசியாறிட்டாரா?"

"எந்த ராமையா..." என்று ஆரம்பித்தவன் சட்டைப் பையைத் தொட்டேன். சாவி சூடாக இருந்தது.

"மூணாவது கம்பிப் பக்கம் ரெண்டு வரிசை வீடு இருட்டுல உக்காந்திருக்கு. சேகரண்ணே ஒன்னத் தேடி ரதத்துக்குப் பின்னாலயே நடந்துக்கிட்டிருக்காரு."

"கம்ப்யூட்டர் கத்திருச்சா?"

"அது எங்க கத்தும்? ரத நாள்னு சும்மாதான் இருக்கு. இங்க எல்லாரும் பயந்துட்டாங்க, போன வருஷம் மாதிரி எவனோன்னு. நான்தான் சொன்னேன், பயப்படாதீங்கன்னு."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"ரதம் தாண்டி முக்கா மணி நேரமாச்சு, இன்னும் கரண்ட் வரல. வெளியாளா இருந்தா நேரத்துக்குச் செஞ்சிருப்பான். இவ்வளவு லேட்டுன்னா நம்ம ஆளுதாம்லா."

நம்ம ஆளு. இமிக்ரேஷன் ஆபீசில் வருஷா வருஷம் வரிசையில் நின்றும் கிடைக்காத முத்திரை. பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இலையை மடித்து, சாவியோடு ஓடினேன்.